மலைவேம்புச் சிங்கம்

வலது தோளில் தசைநார் கிழிந்திருப்பதாக டாக்டர் சொன்னதும் மகேந்திரன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: அம்மனைத் தூக்கலாமா?

"எத்தனை கிலோ இருக்கும்?" என்றார் டாக்டர்.

"அது அம்மன் மனசைப் பொறுத்தது சார்."

டாக்டர் பேனாவை மூடினார். தண்ணீர் கேனைக்கூடத் தூக்க வேண்டாம் என்றார்.

மகேந்திரனுக்கு மண்டி மொஹல்லாவில் கட்டில், அலமாரி செய்யும் பட்டறை. அதே தெருக்கோடியில் மாரியம்மன் கோயில். கொள்ளேகாலம் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்த தமிழர்கள் கட்டியது. ஆண்டுக்கு ஒரு நாள் அம்மன் சிங்க வாகனத்தில் ஏறி தேவராஜ மார்க்கெட் வரை போய்த் திரும்புவாள். சிங்கத்தின் இரு பக்கமும் நீளும் தண்டுகளைத் தோளில் வைத்து ஆண்கள் தூக்குவார்கள். இடது தண்டின் முன்முனை மகேந்திரனுடையது. கல்யாணத்துக்கு முன்பே கிடைத்த இடம். அங்கே நிற்பவன் நடந்தால் அம்மன் நடப்பாள், நின்றால் நிற்பாள். வீட்டில் அவன் சொல்லுக்கு டிவி சேனல்கூட மாறாது. அந்த ஒரு நாள் மார்க்கெட் ரோட்டில் பஸ்ஸே அவனுக்காக நிற்கும்.

தோள் விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த இடம் அண்ணன் மகன் மனோஜ்குமாருக்குப் போய்விடும். மனோஜ்குமார் ஜிம்முக்குப் போகிறவன். ஒவ்வொரு திருவிழாவிலும் சித்தப்பாவின் நலம் விசாரிக்கிறவன்.

பழைய சிங்கம் பலாமரம். போன திருவிழாவில் ஒரு வேகத்தடை அருகே ஊர்வலம் இடறியபோது அதன் முன்னங்கால் விரிசல் விட்டது. மகேந்திரனின் தோள் போனதும் அதே இடத்தில்தான். சிங்கத்தின் காலைப் பற்றி மட்டும் கமிட்டி கூடிப் பேசியது. புதிதாகவே செய்துவிடலாம் என்று முடிவானதும் மகேந்திரன் தானே செய்து தருவதாகச் சொன்னான்.

"தேக்குதானேப்பா?" என்றார் தலைவர் செல்லக்கண்ணு. பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எந்தச் சரக்கையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் நம்புவார்.

"மலைவேம்பு அண்ணே."

"கன்னடத்துல ஹெப்பேவுன்னு சொல்ற மரமா? அதுல தக்காளிப் பெட்டிதானே செய்வாங்க?"

"வேம்பு ஜாதி அண்ணே. அம்மனுக்கு உகந்தது."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அது வேம்பின் உறவு என்பது உண்மை. அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தான் என்பது உண்மையல்ல. பலாவைத் தூக்கிய கை மலைவேம்பைத் தூக்கினால் ஏமாந்து போகும், அவ்வளவு லேசு.

மரம் மார்டள்ளி கிராமத்தில் மச்சினன் லிங்கப்பனின் வரப்பில் நின்றது. பக்கக்கிளை இல்லாமல் தென்னை உயரத்துக்கு நேராக ஏறியிருந்தது.

"பாப்பா பொறந்தப்ப நட்டதுங்க மச்சான்," என்றான் லிங்கப்பன். "அவளுக்கு விழுந்த பால்பல்லே இன்னும் மொளச்சு முடியல, இது வெட்டுக்கு வந்துருச்சு. பிளைவுட் கம்பெனிக்காரன் கேட்டுட்டே இருக்கறான். நீங்க சாமிக்குங்கறீங்க. சாமி உக்காந்தாத் தாங்குமுங்களா?"

"தாங்கும்."

"மனுசன் உக்காந்தா?"

"நீ உக்காராத மாப்ள."

அறுத்த பலகைகளை இடையில் குச்சி கொடுத்து நிழலில் அடுக்கினான். சீக்கிரம் காயும் மரம். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் முனை பிளந்துவிடும். வெளிப்புற வெள்ளைப் பகுதியை வண்டு துளைக்கும் என்பதால் போராக்ஸ் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து மறுபடி காயவைத்தான். அதன் பிறகுதான் மரம் தன் குணத்தைக் காட்டியது. தேக்கில் உளி வைத்தால் வழுவழுப்பாக வெட்டு விழும். இது பஞ்சு போல நார் எழுப்பியது. சிங்கத்தின் பல்லைக் கூராக்கினான், உடைந்தது; மொட்டையாக்கினான், நின்றது. பிடரிமயிர் தனித்தனியாக வர மறுத்ததால் மொத்தமாகச் சுருட்டி வைத்தான். ஆணி அவ்வளவாகப் பிடிக்காத மரம் என்று மரமுளையும் பசையுமாகச் சேர்த்தான். வயிற்றைக் கூடாக விட்டான். தண்டு மாட்டுகிற அடிச்சட்டத்துக்கு மட்டும் உறுதியான வேங்கை மரம் போட்டான். அங்கேயும் லேசு பார்த்தால் அம்மன் பாதி வழியில் இறங்கிக்கொள்வாள்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி லீலா சிங்கத்தைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, இது ஏன் சிரிக்குது?"

"சிரிக்கல. உறுமுது."

"யாரைப் பார்த்து?"

திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் பந்தலில் ஒத்திகை. சிங்கத்தின் மேல் அம்மனின் உற்சவ விக்கிரகத்தையும் ஏற்றிக் கட்டினார்கள். வழக்கமான ஆட்கள் வழக்கமான இடங்களில் நின்று, துண்டை மடித்துத் தோளில் போட்டு, மூச்சை இழுத்து, "ஓம் சக்தி" என்று கத்தித் தூக்கினார்கள். பலாவுக்குப் பழகிய உடம்புகள். சிங்கம் சர்ரென்று மேலே போய்ப் பந்தலின் ட்யூப்லைட்டில் முட்டியது. லைட் அணைந்தது.

மனோஜ்குமார் தண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்தான்.

செல்லக்கண்ணு அருகில் வந்து சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "அம்மா இதுல இல்லப்பா," என்றார்.

கோயிலின் கணக்கு அப்படி. மார்க்கெட்டுக்குத் திரும்பும் மூலையில் ஆண்டுதோறும் அம்மன் கனத்துப் போவாள். ஓரடி நகர மாட்டாள். அங்கே தேங்காய் உடைத்து, எலுமிச்சை சுற்றிப் போட்டு, மன்றாடின பிறகு இளகுவாள். கனத்தால்தான் அம்மன் இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த மூலை மேடு என்பதையும், ஆட்கள் அதற்குள் களைத்திருப்பார்கள் என்பதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"வயித்துக்குள்ள மணல் மூட்டை வெச்சுடலாம்," என்றார் செல்லக்கண்ணு.

மகேந்திரனுக்குத் தோள் இப்போதே வலித்தது. "மணல் தாங்காது அண்ணே. அடி விட்டுரும்."

"வேங்கை சட்டம்னு நீதானே சொன்ன?"

"சட்டம் வேங்கை. வயிறு மலைவேம்பு."

இந்தப் பேச்சு நடக்கையில் லீலா வந்து, கீழே இறக்கியிருந்த தண்டின் முன்முனையைத் தூக்கினாள். எழுந்தது. பக்கத்து வீட்டு ரங்கம்மாவைக் கூப்பிட்டாள். ரங்கம்மா மறு தண்டைத் தூக்கினாள். அதுவும் எழுந்தது.

"மாமா," என்றாள் லீலா செல்லக்கண்ணுவிடம், "பொம்பளைங்க ஏன் தூக்கக் கூடாதுன்னு வருசா வருசம் மைக்ல என்ன சொல்லுவீங்க?"

செல்லக்கண்ணு யோசித்தார். "பாரம் தாங்க மாட்டீங்கன்னுதாம்மா."

"வேற ஏதாவது சொல்லியிருக்கீங்களா?"

"வேற எதுக்கும்மா சொல்லணும்? அதுவே போதும்னு இருந்தேன்."

ரங்கம்மா சிரித்தாள். "இத்தனை வருசம் தீச்சட்டி எங்களுக்கு, தோள் உங்களுக்கா? கொடுங்க மாமா இந்தப் பக்கம்."

மகேந்திரன் வாயைத் திறந்தான். மணல் போட்டுவிட்டால் பெண்கள் விலகிவிடுவார்கள், தன் இடம் தன் இடமாகவே இருக்கும். ஆனால் மணலோடு அங்கே நிற்க மனோஜ்குமாரால்தான் முடியும். வாயை மூடிக்கொண்டான்.

பெண்கள் எப்படியும் ஊர்வலத்தின் முன்னால்தான் நடப்பார்கள். அதனால் முன்முனைகள் பெண்களுக்கு, பின்முனைகள் ஆண்களுக்கு என்று தீர்ப்பானது. அதோடு ஒரு நிபந்தனையும் சொன்னார் செல்லக்கண்ணு. இந்த முறை மணல் இல்லாமல் போகட்டும். மூலையில் அம்மன் கனக்காவிட்டால் வருகிற வருஷம் மணல். வயிறு தாங்காவிட்டால் பலாவிலேயே வேறு சிங்கம்.

திருவிழா நாளில் இடது தண்டின் முன்முனையில் லீலா நின்றாள். மகேந்திரனுக்குப் பின்முனை கிடைத்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஊர்வலத்தின் பின்புறத்தைப் பார்த்தான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவன் அவசரத்தில் முடித்திருந்த சிங்கத்தின் வால் கண்ணெதிரே ஆடிக்கொண்டு வந்தது. லீலா வேகமாக நடந்தாள். பஸ் நின்றது, அவளுக்காக.

"அக்கா, மெதுவா!" என்று யாரோ கத்தினார்கள்.

"லேசாத்தானே இருக்கு!" என்றாள் லீலா திரும்பாமல்.

செல்லக்கண்ணுவுக்குக் கேட்டது. அவர் முகம் மணல் மூட்டை போல ஆயிற்று.

மூலை வந்தது. மேட்டில் முன்பக்கம் உயர்ந்ததும், ஈரப் பூமாலைகளும் சட்டமும் விக்கிரகமும் மொத்தமாகப் பின்னால் சாய்ந்து இறங்கின. மற்ற பின்முனை ஆட்கள் காலை அகட்டிச் சமாளித்துக்கொண்டார்கள். மகேந்திரனின் தோளில் ஏதோ ஒன்று, டாக்டர் சொன்ன அதே இடத்தில், சுண்டி இழுத்தது.

"கனக்குது!" என்று அலறினான்.

ஊர்வலம் நின்றது. மேளம் நின்றது. லீலா நின்றாள். ஓரடி நகர முடியாது என்றான் மகேந்திரன், கண்ணில் தண்ணீரோடு.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே சித்தப்பா," என்றான் மறு தண்டின் பின்முனையில் நின்ற மனோஜ்குமார்.

"அம்மா யாருக்குக் காட்டணுமோ அவனுக்குத்தான் காட்டுவா. நீ பேசாம புடி," என்றார் செல்லக்கண்ணு. தேங்காய் உடைந்தது. எலுமிச்சை சுற்றினார்கள். மேளம் மறுபடி எடுத்தது. அம்மனின் கழுத்து மாலை ஒன்றைக் கழற்றி மகேந்திரனுக்குப் போட்டார்கள். அது அவன் வலது தோளில் விழுந்தது. "ஐயோ" என்றான். அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

மணலைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. பின்முனை இனி மகேந்திரனுக்கே நிரந்தரம் என்று செல்லக்கண்ணு அங்கேயே மைக்கில் அறிவித்தார்.

லீலா தண்டைத் தோள் மாற்றிக்கொண்டு முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நடக்கலாமாங்க?" என்றாள்.

"நட," என்றான் மகேந்திரன். அவள் நடந்தாள். அம்மனும் நடந்தாள்.