மூக்கு கனக்கும் கேரவன்

தென் ஆஸ்திரேலியாவில், செடூனா ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் வாசலில், காரில் மாட்டி இழுத்துப்போகும் எங்கள் சக்கர வீடான கேரவனின் மூக்கைத் தரையில் போட்டு இடித்தவன் நான்தான். காருக்குப் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். கேரவன் மூக்கில் இருக்கும் கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்துத் தாழ்ப்பாள் போட வேண்டும். கவிழ்த்தேன். தாழ்ப்பாள் போட்டதாகத்தான் நினைப்பு. வாசல் மேட்டில் ஏறி இறங்கியதும் பின்னால் 'ணங்' என்றது. கண்ணாடியில் பார்த்தால் கேரவன் ஒட்டகம் போல மண்டியிட்டிருந்தது. பாதுகாப்புச் சங்கிலியையும் மறந்திருந்தேன். ஒரு வேலையைக் கெடுத்தால் முழுதாகக் கெடுப்பது என் வழக்கம்.

எங்களைப் போலக் கேரவனில் ஊர் சுற்றும் ஆட்களுக்கு ஒரு குணம். யாராவது கேரவனை மாட்டக் கிளம்பினால் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்கு ஆறு நாற்காலிகள். கை தட்டினார்கள். நானும் மேடை நடிகன் போலக் குனிந்து நிமிர்ந்தேன். மெல்பர்ன் தொழிற்சாலையிலிருந்து அடிலெய்ட் கடைக்குக் கேரவன்களை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் இருபத்திரண்டு வருடம் என் பிழைப்பு என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

நோரீன் சிரிக்கவில்லை. நாற்பத்தோரு வருட மனைவி சிரிக்காதபோது நான் சற்று விலகி நிற்பேன்.

"வீட்ட வித்துட்டு வந்திருக்கோம், டெஸ். இப்ப இதுதான் வீடு. இன்னொரு தடவ நடுரோட்டுல போட்ட, சாவி என் கைக்கு வந்துடும்."

சாவி போனால் நான் யார்? முன் இருக்கையில் உட்கார்ந்து வரைபடத்தைத் தலைகீழாகப் பிடிக்கும் கிழவன். ஆகவே புத்தியைத் தீட்டினேன். மூக்கு கனமாக இருப்பதால்தானே மாட்டுவது கஷ்டம்? முன்பெட்டியிலிருந்த இரண்டு தண்ணீர் கேன்கள், கருவிப் பெட்டி, உபரி பேட்டரி எல்லாவற்றையும் பின்பக்கம் எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மூக்கை ஒரு கையால் தூக்க முடிந்தது. இதை ஏன் உலகத்தில் யாரும் யோசிக்கவில்லை என்று எனக்கே ஆச்சரியம்.

அன்று மதியம் நலர்போர் சமவெளியில், மூன்று பெட்டி கோத்த லாரி ஒன்று எங்களைக் கடந்தது. கேரவன் ஆட ஆரம்பித்தது. இடது, வலது, மறுபடி இடது. உள்ளே யாரோ சுவருக்குச் சுவர் ஓடுவது போல. காரின் பின்பாகத்தையும் சேர்த்து இழுத்தது. நோரீன் கதவுப் பிடியைப் பிடித்தவள், வண்டி நின்ற பிறகும் விடவில்லை. மரமே இல்லாத அந்த வெளியில் இறங்கிக் கேரவனைத் திறந்து பார்த்தேன். யாருமில்லை. தேநீர்க் கோப்பை ஒன்று மட்டும் தரையில் உருண்டுகொண்டிருந்தது.

"காத்து," என்றேன். ஒரு புல்கூட அசையவில்லை.

மறுநாள் காலை மாட்டப் போனால் மூக்கு கனத்தது. முன்பெட்டியைத் திறந்தேன். கேன்கள், கருவிப் பெட்டி, பேட்டரி எல்லாம் அங்கே இருந்தன. பட்டை போட்டு, இழுத்து, அழகாக முடிச்சும் போட்டிருந்தது.

"நீ எடுத்து வச்சியா?"

"இருபது லிட்டர் கேன நானா? என் இடுப்பு இருக்கிற இருப்புக்கு?"

"அப்ப யாரு?"

"டோஸ்ட் ஆறுது. சாப்பிடு."

திரும்பப் பின்னால் தள்ளினேன். மறுநாளும் முன்னால் இருந்தன. அதே முடிச்சு. கேட்டால், "முட்டை ஒண்ணா ரெண்டா?" என்றாள்.

மூன்றாம் இரவு, அவள் தூங்கியபின், நடைவழியெல்லாம் டால்கம் பவுடர் தூவினேன். காலையில் அதில் வெறும் பாதங்கள். கட்டிலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து கட்டிலுக்கு. வெளியே இருந்து யாரும் வந்திருக்கவில்லை. பக்கத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் பத்தாம் நம்பர் கால் உள்ள பேய்களுக்கா பஞ்சம் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே பவுடரைப் பெருக்கினேன்.

வெளியே, இரவு தங்கிய முகாமில், பக்கத்துக் கேரவன்காரன் வெர்ன் தன் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தான். முந்தின மாலைதான் வந்து சேர்ந்தவன். நான் அவனோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"ரொம்ப நன்றிங்க, டெஸ்!" என்றான். "நீங்க சொன்ன மாதிரியே பாரத்த எல்லாம் மூக்குப் பக்கம் ஏத்திட்டேன். பின்னால கனம் இருந்தா வால் ஆடும், ஆளையே கவுத்துடும்னு இத்தன வருஷமா எனக்கு யாருமே சொல்லல பாருங்க."

"நான் எப்பய்யா சொன்னேன்?"

"என்னங்க நீங்க! இன்னிக்கு விடியறப்ப. வேடிக்கை பாக்கலாம்னு நாற்காலிய விரிக்கறதுக்குள்ள மாட்டி முடிச்சிட்டீங்க. தாழ்ப்பாள், சங்கிலி, விளக்கு எல்லாம் சரிபாத்தீங்க. மூணு நிமிஷம். கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கறவர் மாதிரி இருந்தீங்க, ஆனா கை என்னமா ஓடுது!" கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணுதான் புரியல. எங்க போறீங்கன்னு கேட்டேன். மத்தியானத்துக்குள்ள அடிலெய்ட் கடையில இத ஒப்படைக்கணும், ஓனர் காத்துக்கிட்டிருப்பார்னீங்க. அடிலெய்ட் அந்தப் பக்கமில்ல?"

அந்த ஓனர் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. நான்தான் அவர் சவப்பெட்டிக்கு ஒரு தோள் கொடுத்தேன்.

கேரவனின் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். மாட்டியிருந்தது. தாழ்ப்பாள் இறங்கி, ஊசி செருகி, சங்கிலி இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போயிருந்தன. இருபத்திரண்டு வருடம் நான் போட்ட மாதிரி. பார்த்த பிறகுதான் அப்படிக் குறுக்காகப் போட வேண்டும் என்பதே எனக்கு நினைவு வந்தது.

நோரீன் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் என் சட்டை. தைப்பது போல ஒரு பாவனை, ஊசியில் நூல் இல்லை.

"நோரீன், டோஸ்ட் வேண்டாம், முட்டை வேண்டாம். யாரு அது?"

அவள் சட்டையை மடித்து வைத்தாள்.

"நீதான், டெஸ். நாலு வாரமா. சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு சொல்லல. கூப்பிட்டுப் பாத்தேன், திரும்பிப் பாத்த, என்ன யாருன்னு தெரியல உனக்கு. ஆனா விடியக்கால வர்றவன் ஒழுங்கா மாட்டறான். அவன் மாட்டட்டும். நீ ஓட்டக் கூடாது. சாவியக் குடு, நான் ஓட்டறேன்."