கல்யாண மாலையில் இருந்த பூ

"என்னத்துக்குப் பூவக் கொண்டுபோயி மண்ணுக்குள்ள புதைக்கிற?" என்று புருஷன் பிராங்க்ளின் கேட்டபோது அறிவுச்செல்வி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மண்ணு இல்லங்க, சிலிக்கா. ஈரத்த உறிஞ்சிரும். பூ நிறம் மாறாமக் காஞ்சு நிக்கும்."

"நின்னு?"

"அதுமேல ரெசின ஊத்துனா கண்ணாடி கணக்கா இறுகிரும். உள்ள பூ இருக்கும், ஆயுசுக்கும்."

"பூவுக்குக் கல்லறை கட்டுற ஆளு திண்டுக்கல்லுலயே நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு அவன் மில்லுக்கு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான்.

இது ஆரம்பத்தில். அப்போது எதையும் விற்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. நாகல் நகரில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குள் என்ன பூ வந்தாலும் விடமாட்டாள். சங்குப்பூ, வேப்பம்பூ, முருங்கைப்பூகூட. இடுக்கியால் இதழைப் பிடித்து, அது கோணாமல் அச்சுக்குள் அமர்ந்துவிட்டால், "உக்காந்துருச்சு!" என்று தன்னையறியாமல் சத்தம் போடுவாள். அடுப்படியில் பால் பொங்கி வழிவது அவள் காதில் விழாது.

எதிர்வீட்டு ரம்ஜான் பீவியின் மகள் நிக்காஹ் ரோசாவைச் சும்மா ஆசைக்குச் செய்து கொடுத்தாள். போட்டோ எடுக்க வந்த பையன் அதையும் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டான். அப்புறம் போன் நிற்கவில்லை. கல்யாண மாலையை அப்படியே சட்டத்துக்குள் பதித்துத் தர முடியுமா என்று வத்தலக்குண்டிலிருந்தும் சாணார்பட்டியிலிருந்தும் கேட்டார்கள்.

"வெளாட்டு வேலையாயிருச்சே" என்றான் பிராங்க்ளின்.

"இப்பவும் வெளாட்டுதான். என்ன, ஊரே சேந்து வெளாடுது."

அந்த ஐப்பசியில்தான் புவனேஸ்வரி வந்தாள். சேவுகம்பட்டிக்கு வாக்கப்பட்டு மறுநாளே, புருஷன் அஜித்தின் வண்டியில், மடியில் ஈரத்துணியில் சுற்றிய மாலையோடு.

"அக்கா, இது முதல்ல இவரு கழுத்துல கெடந்தது. மாலை மாத்துறப்ப எனக்கு வந்துச்சு."

"எங்க தோட்டத்துப் பூவுக்கா" என்றான் அஜித். "பன்னீர் ரோசா, சம்பங்கி. எங்கம்மாவே கட்டுனது."

"மாமியாரு இதக் குடுத்து விட்டாங்களா?"

புவனேஸ்வரி வாயைப் பொத்திச் சிரித்தாள். "எங்க விட்டாங்க! கெணத்துல விடவேண்டிய மாலையப் பொட்டிக்குள்ள அடைக்கப் போறியாக்கும்னு ஒரே சத்தம். இவருதான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தாரு."

"வாசம் வருமாக்கா?" என்று அஜித் கேட்டான்.

"அது மட்டும் வராது தம்பி. வாசத்தப் புடிச்சு வைக்க எனக்குத் தெரியல."

"அதுக்கென்ன, வாசம் வேணும்னா இவள தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிக்கிறேன்."

"ம்ம், களை பறிக்கக் கூப்புடுறாரு, பாத்துக்கங்கக்கா" என்றாள் புவனேஸ்வரி. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "இதே பூதானக்கா இருக்கும்?" என்று கேட்டாள்.

"பின்ன? வேற பூவுக்கு நான் எங்க போவேன்?" என்று சிரித்தாள் அறிவுச்செல்வி.

அந்த முகூர்த்தத்துக்கு வீடு முழுக்க மாலைகள். விடாத மழை. ஒருமுறை பூவைக் காயவைத்த சிலிக்காவை மறுபடி வாணலியில் போட்டு ஈரம் போக வறுத்தால்தான் அடுத்த பூவுக்கு ஆகும். எல்லாப் பெட்டிக்கும் வறுத்தவள் கடைசிப் பெட்டிக்கு, கேஸும் தீரும் நிலையில் இருக்க, தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்துதான் இருக்கிறது என்று அப்படியே கொட்டிவிட்டாள்.

அந்தப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்திருந்தது. ரோசா எது சம்பங்கி எது என்று தெரியவில்லை. நாற்றம் கூடம்வரை வந்தது.

"யாரு வீட்டு மாலை?" என்றான் பிராங்க்ளின்.

"சேவுகம்பட்டிப் புள்ளையோடது."

"போனப் போட்டுச் சொல்லிரு செல்வி. தப்பு நடந்து போச்சு, பணத்தத் திருப்பித் தாரேன்னு சொல்லிரு."

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க? ஒங்க கல்யாண மாலையில பூஞ்சணம் புடிச்சு அழுகிப்போச்சுன்னா? கல்யாணமான மாசத்துல அந்தப் பேச்சு ஒரு வீட்டுக்குள்ள போகலாமா? ஏற்கெனவே மாமியாரு வேண்டான்னு சொன்ன பொருளு. சகுனம் சரியில்லன்னு நாளைக்கு ஆடு செத்தாலும் அந்தப் புள்ள தலையிலதான் விடியும்."

"அப்பப் பொய் சொல்லப் போற."

"பொய் இல்லங்க. அதே பன்னீர் ரோசா. அதே சம்பங்கி. பூவுக்கு என்ன பேரா எழுதியிருக்கு?"

அவன் எழுந்தான். அழுகியதை வாரி பாலிதீன் பையில் கட்டி, மாநகராட்சிக் குப்பை வண்டி விசில் அடித்தபோது கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து கையைக் கழுவினான். இரண்டு தடவை கழுவினான்.

அவள் பூ மார்க்கெட்டுக்குப் போனாள். குவியலில் கையைவிட்டு நல்ல பூவாகப் பொறுக்கினாள். கடைக்காரர்கூட, "என்னம்மா, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற?" என்றார். இதழ் மடங்கியது, நுனி கருகியது எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். அவள் கை அப்படிப் பழகிவிட்டது.

சட்டம் பிரமாதமாக வந்தது. அதுவரை செய்ததில் அதுதான் அழகு. ஆனால் கடைசி இதழ் அமர்ந்தபோது அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

புவனேஸ்வரி அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அஜித் மட்டும் சட்டத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"எங்க தோட்டத்துப் பூவு இம்புட்டு அழகாவாக்கா இருந்துச்சு?"

அறிவுச்செல்வி சட்டம் சுற்றியிருந்த தாளை மடிக்கத் தொடங்கினாள்.

"ஒங்களுக்குப் பூவ மூட்டையாத்தான பாக்கத் தெரியும்" என்று புவனேஸ்வரி அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவன் சிரித்தான். அறிவுச்செல்வியை ஒருமுறை பார்த்துவிட்டு, "வாரோம்க்கா" என்று வண்டியை எடுத்தான்.

மாசியில் ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, சேவுகம்பட்டி புவனா பேசுறேன். அந்தச் சட்டத்தக் கொண்டு வரட்டுமாக்கா?"

"ஏம்மா, கீறல் ஏதும் விழுந்துருச்சா?"

"இல்லக்கா, நல்லாருக்கு." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். "அவரு இல்லக்கா."

"என்னது?"

"பூ மூட்டைய ஏத்திக்கிட்டு நெலக்கோட்டைக்குப் போனாரு. எதுத்தாப்புல லாரி... ரோடெல்லாம் பூவாக் கெடந்துச்சாம்க்கா."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தார்கள், புவனேஸ்வரியும் அவள் மாமியார் ராமுத்தாயும். வெறுங்கழுத்தோடு, தலையில் பூ இல்லாமல் நின்ற பெண்ணை அறிவுச்செல்விக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. ராமுத்தாய் வெயிலில் காய்ந்த ஒல்லி உடம்பு. சட்டத்தைத் துண்டில் சுற்றி அவள்தான் சுமந்து வந்திருந்தாள்.

"இதுல ஒரு பூவ மட்டும் அறுத்து எடுத்துத் தரமுடியுமாக்கா?" என்றாள் புவனேஸ்வரி. "கழுத்துல போட்டுக்கிற மாதிரி."

"எதுக்கும்மா நல்லாருக்கிறத அறுத்துக்கிட்டு?"

"தாலியக் கழட்டிட்டாங்க. பூ வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. இது அவரு கழுத்துல கெடந்த பூவு. அவரு வேர்வ பட்டது. கண்ணாடிக்குள்ள இருக்கிற பூவ யாருக்கா வேணாம்னு சொல்லுவா? தாலி கெடந்த எடத்துல இது கெடக்கட்டும்."

அறிவுச்செல்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இதைத் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சொல்லிவிட வேண்டும். அடித்தாலும் சரி, மண்ணை வாரித் தூற்றினாலும் சரி.

"புவனா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்த மாலை..."

"தாயி" என்றாள் ராமுத்தாய். "குடிக்கத் தண்ணி குடு. தொண்டை காயுது."

"இந்தா கொண்டாரேன்."

"நீ கொண்டார வேணாம். நான் வாரேன்."

அடுப்படிக்குள் வந்தவள் செம்பைத் தொடவில்லை. கதவோரமாக நின்று குரலைத் தணித்தாள்.

"என்னத்தச் சொல்லப் போற? அது எங்க பூவு இல்லன்னா?"

அறிவுச்செல்வி கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ஒங்களுக்கு..."

"நான் கட்டுன மாலை தாயி. அந்த மழைக்கு எங்க செடியில பூவு எங்க இருந்துச்சு? பொடிசு பொடிசாப் பூத்து, பாதி பூச்சி அரிச்சது. வெளியில வாங்கலாம்டான்னேன். நம்ம பூவு போதும்மான்னு ஒத்தக்கால்ல நின்னான். அந்தப் பொடிப் பூவத்தான் சேத்துக் கட்டுனேன். ஒன் கண்ணாடிக்குள்ள ஒவ்வொண்ணும் இம்புட்டுப் பெருசா சிரிச்சுக்கிட்டு இருக்கு."

"அழுகிப்போச்சும்மா. என் தப்புதான். சொன்னா சகுனம்னு ஒங்க வீட்டுல அந்தப் புள்ளைய..."

"நான்தான் சொல்லியிருப்பேன்" என்றாள் ராமுத்தாய். "சகுனம்னு நான்தான் அவள வஞ்சிருப்பேன். இப்ப ஊரே வையுது. வந்த ராசின்னு. நீ ஒளிச்சு என்ன ஆச்சு?"

அறிவுச்செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அழுவாத, அவளுக்குக் கேக்கும். அவனுக்கும் தெரியும் தாயி. இங்கருந்து வந்து வண்டிய நிறுத்துன ஒடனே எங்கிட்ட வந்தான். 'எம்மா, அது நம்ம பூ இல்ல. அவ அம்புட்டுச் சந்தோசப்படுறா, நீ எதையும் ஒளறிராத'ன்னான். எம்புள்ள எங்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். அதக் கெடுத்துராத."

ராமுத்தாய் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தாள். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

"நான் எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தேன் தெரியுமா? அவன் போட்டிருந்த அந்தப் பழைய பூவு... காஞ்சது, அழுகுனது, எதுவா இருந்தாலும் பரவால்ல. ஒரு எதழாச்சும் கெடக்கா? எங்கயாச்சும், ஒரு டப்பாவுல?"

அறிவுச்செல்வி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நாராச்சும்? நான் கட்டுன நாரு?"

"குப்பை வண்டியில போட்டாச்சும்மா."

ராமுத்தாய் செம்பை எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"கெணத்துல விட்டிருந்தா கெணத்துலயாச்சும் கெடந்திருக்கும்" என்றாள். "சரி. போயி அறுத்துக் குடு."

சட்டத்தை மேசைமேல் வைத்து அறிவுச்செல்வி ரம்பத்தை எடுத்தாள். புவனேஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எந்தப் பூ வேணும்?"

"நெஞ்சுகிட்ட இருந்தது. நடுவுல இருக்கே, அது. அதுதான அவரு நெஞ்சுகிட்ட இருந்திருக்கும்?"

"ம்."

"பாத்துக்கா. எதழுல பட்டுறாம."

இழுக்க இழுக்க வெள்ளைப் பொடி கொட்டியது. பூவைச் சுற்றி அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, மங்கிய ஓரத்தில் மறுபடி ரெசினைத் தடவி, அதை இறுக்கும் சின்ன விளக்கின் நீல வெளிச்சத்தில் காட்டினாள். இறுகிவிட்டது. கொக்கி போட்டு, கருப்புக் கயிற்றில் கோத்தாள். அவள் கையிலிருந்து அதை வாங்கிய புவனேஸ்வரி முதலில் கண்ணில் ஒற்றினாள். அப்புறம் மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

"வாசம் வராதுன்னு சொன்னீங்கள்ல. மறந்துட்டேன்க்கா" என்றாள்.

கட்டிக்கொண்டதும் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அந்த முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இன்னொண்ணும் எடுத்துருங்க. அத்தைக்கு."

"எனக்கு எதுக்கு ஆத்தா?" என்றாள் ராமுத்தாய்.

"நீங்க பெத்த புள்ள போட்ட பூவு அத்தை. எனக்கு மட்டும் இருந்தா எப்படி? ஒங்களுக்கு அவரு இல்லையா?"

"கெழவிக்கு நகையா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ரெண்டு பேரும் போட்டுக்குவோம்."

ராமுத்தாய் அறிவுச்செல்வியைப் பார்த்தாள். அறிவுச்செல்வி குனிந்துகொண்டு இரண்டாவது பூவை அறுத்தாள். ரம்பம் கோணி ஓடி இதழின் நுனியைக் கொண்டுபோய்விட்டது. முதல் தடவையாக அவள் கை பிசகியது. புவனேஸ்வரி அதைக் குறையாக எடுக்கவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

"குனிங்க அத்தை."

ராமுத்தாய் குனிந்தாள். மருமகள் அவள் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்ட பிறகும் ராமுத்தாய் நிமிரவில்லை.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. நல்லா இறுக்கிப் போடு. அவுந்துறப் போகுது."

கிளம்பும்போது, நடுவில் இரண்டு ஓட்டையோடு மேசைமேல் கிடந்த சட்டத்தை அறிவுச்செல்வி எடுத்து நீட்டினாள். புவனேஸ்வரி வேண்டாம் என்றாள்.

"இங்கயே மாட்டி வச்சுக்கங்கக்கா. வாரவங்க பாக்கட்டும். உசிரு போனாலும் பூவு இருக்கும்னு தெரியட்டும்."

ராமுத்தாய் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

பிராங்க்ளின் ஷிப்டு முடிந்து வந்தபோது அவள் அதே நாற்காலியில் இருந்தாள். மேசையில் வெள்ளைப் பொடி பரவிக் கிடந்தது. அவன் சட்டத்தையும் அவளையும் பார்த்தான்.

"சொல்லிட்டியா?"

"விடல."

"யாரு?"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. அவன்தான் எடுத்து ஒலிபெருக்கியைத் தட்டி அவள் முன்னால் வைத்தான்.

"ஹலோ, மாலை பதிச்சுத் தர்ற அக்காங்களா? ஆத்தூர்லருந்து பேசுறோம். பங்குனியில எங்க பொண்ணு கல்யாணம். மாலையக் குடுத்தா அதே பூவையே வச்சுத் தருவீங்களா?"

அறிவுச்செல்வி பொடியை உள்ளங்கையால் ஒரு பக்கமாகக் கூட்டினாள். அப்புறம் மறுபக்கமாகக் கூட்டினாள்.

"ஹலோ? அக்கா? லைன்ல இருக்கீங்களா?"