விட்டு வைத்த பலகை

ஓசூர்க் கடைவீதியில், முன்பு பஸ் நின்ற இடத்துக்கு எதிரே, ஏழு கடைகள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஆறு காலி. கடைக்கோடியில் இருந்த ஏழாவது கங்கப்பனின் இரும்புக் கடை. ஏர்க் கொழு, கடப்பாரை, வாளி, வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற இரும்புப் பட்டா என்று வாசல் வரைக்கும் இரும்பு கிடக்கும். வாங்கத்தான் ஆள் இல்லை.

ஒரு காலத்தில் பெங்களூர் பஸ் எல்லாம் வீதிக்குள் வந்து நின்று போகும். மாநிலம் பிரித்த வருஷம் அது நின்றது. பஸ் மெயின் ரோட்டோடு போய்விட்டது. ஆள் இறங்குகிற இடத்தில்தானே வியாபாரம் நடக்கும்? வெற்றிலைக் கடைக்காரன் முதலில் மூட்டையைக் கட்டினான். அப்புறம் டீக்கடை, ஜவுளி, மருந்துக் கடை என்று ஒவ்வொன்றாய் ரோட்டோரத்துக்குப் போய்த் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். கங்கப்பனுக்கும் அங்கே இடம் காட்ட ஒருத்தன் வந்தான். "உனக்கு இதுல என்னாடா லாபம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டான் கங்கப்பன். சும்மா வந்து நல்லது சொல்கிறவன் உலகத்தில் கிடையாது என்பது அவனுடைய கட்சி.

அந்த வீதிக் கடைகளுக்குக் கதவு கிடையாது. மேலேயும் கீழேயும் சட்டத்தில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டியிருக்கும். அதில் பலகைகளை நிறுத்தி, ஒன்றையொட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டே போய், கடைசிப் பலகையைப் போட்டு அடைப்பார்கள். வியாபாரம் நடக்கிற கடையை முழுக்க அடைக்கலாம். காலிக் கடையை அப்படி அடைக்கக் கூடாது. கடைசிப் பலகையைப் போடாமல் சுவரோரம் சாத்தி வைத்து, அந்த அகலத்துக்கு ஒரு சந்து விட்டுவிட வேண்டும். முழுக்க அடைத்துவிட்டால் அடுத்த வியாபாரம் அந்த வாசலுக்கு வராது என்று வழக்கம். நாய் போய்ப் படுக்கும். எல்லை தாண்டி அத்திப்பள்ளி போய்க் குடித்துவிட்டு வந்தவன் போய் உருளுவான். இருந்தாலும் ஊர்க்காரன் எவனும் அந்த இடைவெளியை மூடமாட்டான்.

தினமும் காலையில் கடை திறக்கும் முன் கங்கப்பன் அந்த ஆறு சந்துகளுக்குள்ளும் தலையை விட்டுப் பார்ப்பான். கையில் தடி இருக்கும். பயம் சும்மா வரவில்லை. நாராயணப்பன் காரணமாக வந்தது.

வரிசை முழுவதும் நாராயணப்பன் குடும்பத்துச் சொத்து. முதல் மூன்று அவனுக்கு; கங்கப்பன் வாடகைக்கு இருக்கிற கடைசிக் கடை இரண்டு பங்குக்கும் பொது. கங்கப்பன் கடையை ஒட்டிய மூன்று கடைகள் அவன் செத்துப்போன தம்பியின் பெண்சாதி சரோஜம்மாளுக்கு. எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கி லாரி ஷெட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நாராயணப்பன் துடித்தான். அந்தம்மாள் கைநாட்டு வைத்தால்தான் நடக்கும். அவள் கோயில் வாசலில் நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டாள்.

"ஆவணி பொறக்கறதுக்குள்ள என் மூணு கடையில ஒண்ணுலயாவது வெளக்கு எரியட்டும். எரிஞ்சா நான் கையி வெக்க மாட்டேன், கங்கப்பன் கடையும் நிக்கும். எரியலையா, இடிச்சிக்கிங்க. பாழுங்கடைய வெச்சிக்கினு நான் என்னா பண்றது?"

ஆக, பக்கத்துக் கடைக்கு ஒரு ஆள் வந்தால் கங்கப்பன் பிழைத்தான். வராவிட்டால் முப்பது வருஷக் கடை போயிற்று. அவனும் ஆள் தேடினான். தேடின லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு தையல்காரன் வந்து கடையைப் பார்த்தான். கங்கப்பன் அவனை நிற்க வைத்து, "நாராயணப்பன் உனக்கு என்னா சொல்லி அனுப்புனான்?" என்று ஆரம்பித்தான். எந்த நாராயணப்பன் என்று தையல்காரன் கேட்டதும், "தெரியாத மாதிரி நடிக்கறே பாரு" என்று சட்டையைப் பிடித்துவிட்டான். வந்தவன் கத்தரிக்கோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனவன்தான். இன்னொருவன் ஊறுகாய் வியாபாரி. அவன் சிரித்துச் சிரித்துப் பேசினான். அந்தச் சிரிப்பே கங்கப்பனுக்கு ஆகவில்லை.

ஆடி நடுவில் கரியப்பன் வந்தான். நாராயணப்பனுக்குக் கை கால் மாதிரி இருக்கிறவன். கூட இரண்டு தடியன்கள். பட்டப்பகல், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"மாமா, வியாபாரம் எப்பிடி?" என்றான் கரியப்பன், வாசலில் கிடந்த வாளியைக் காலால் உருட்டிக்கொண்டே.

"எனக்கு நீ எந்த வழியில மருமவன்டா?"

"சரி, தாத்தான்னு கூப்பிடட்டுமா? தாத்தா, ஊரே காலி பண்ணிட்டுப் போயிட்ச்சி. நீ மட்டும் பேய் மாதிரி இங்க எதுக்குக் குந்தினு இருக்கறே?"

"உங்க நாராயணப்பக் கவுண்டனுக்கு லாரி ஓட்டறதுக்கு என் நெஞ்சுமேல எடம் கொடுக்கலாம்னுதான்."

தடியன்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான். கரியப்பனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. வாளியை எடுத்துக் கங்கப்பன் முகத்தில் வீசினான். விளிம்பு புருவத்தைக் கிழித்தது. கண்ணில் ரத்தம் இறங்கி ஒன்றும் தெரியாமல் கங்கப்பன் கையால் துழாவினான். கைக்கு ஒரு கொழு அகப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டே வீசினான். யாருடைய முழங்காலிலோ பட்டு, எலும்பில் இரும்பு மோதிய சத்தம் கேட்டது. ஒரு தடியன் நாய் மாதிரி ஊளையிட்டுக்கொண்டு தெருவில் உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் கங்கப்பனை அவர்கள் மனிதனாக நினைத்து அடிக்கவில்லை. கீழே தள்ளி மிதித்தார்கள். விலாவில் மிதித்தார்கள். கரியப்பன் அவனுடைய இடது கையை இழுத்து வாசற்படிக் கல்மேல் வைத்து, வண்டிப் பட்டாவால் விரல்களின் மேல் ஒரே போடு போட்டான். சுண்டுவிரலும் மோதிர விரலும் நசுங்கின. எதிர்ப்பக்கம் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம், அதனால் வர முடியவில்லையாம்.

போகும்போது கரியப்பன் குனிந்து சொன்னான். "அடுத்த தபா தெரு வழியா வரமாட்டோம். பக்கத்துக் கடையில இருந்து செவுத்த ஒடைச்சிக்கினு வருவோம். நீ தூங்கினு இருப்பே."

அன்றிலிருந்து பக்கத்துக் கடைச் சந்துக்குள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை எட்டிப் பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. விரல்கள் கட்டுக்குள் புழுத்து நாறின. தூக்கம் போயிற்று. சோறு வைத்த பெண்சாதியைக்கூட ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தான்.

அவள் பெயர் வெங்கடம்மாள். ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் அவன் சூளகிரிக்குக் கிளம்புகையில் சொல்ல வந்தாள். "இந்தாங்க, சரோஜம்மா ஒரு சேதி..."

கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு அவள் தோளில் வந்து மோதியது.

"அந்த வூட்டுப் பேச்சு இங்க வரக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது? அவ யாரு? அவனோட தம்பி பொண்டாட்டி! கொள்ளி வெக்கறவன் ஒருத்தன், எண்ணெ ஊத்தறவ ஒருத்தி."

"நல்ல சேதிங்க. கேட்டுட்டாவது..."

"உனக்கும் பங்கு பேசிட்டாங்களா?"

வெங்கடம்மாள் தோளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷமாக அவனிடம் எதையும் இரண்டு தடவை சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு. சொன்னால் இரண்டாவது அடி விழும்.

சூளகிரியில் கொழு வாங்கப் போன இடத்தில் எடையில் ஏமாற்றுகிறான் என்று சண்டை போட்டு, வெறுங்கையோடு திரும்பினான் கங்கப்பன். மெயின் ரோட்டில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்தான். பொழுது சாய்கிற நேரம். வெயில் இன்னும் கூரைமேல் இருந்தது.

முதல் காலிக் கடை, சந்து திறந்திருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, எல்லாம் அப்படியே. ஆறாவது கடை, அவன் கடைக்கு ஒட்டிய கடை, முழுக்க அடைத்திருந்தது. கடைசிப் பலகை போட்டிருந்தது.

கங்கப்பன் கிட்டே போனான்.

உள்ளே இரும்புச் சத்தம். இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம். நடுநடுவே யாரோ தொண்டைக்குள் பாடிக்கொண்டிருந்தான். கங்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் காதை வைத்தான். பாட்டு நின்றது. தட்டுவதும் நின்றது. உள்ளே இருப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிக்கிறான் என்று கங்கப்பனுக்குப் பட்டது.

சுவரை உடைக்க வந்துவிட்டார்கள். வேறு எதற்குக் காலிக் கடையை முழுக்க அடைத்துக்கொண்டு உள்ளே உட்காருவான் ஒருத்தன்?

தன் கடையில் இரண்டு பலகையை மட்டும் நகர்த்தி உள்ளே புகுந்தான். கைச்சம்மட்டியை இடுப்பில் செருகிக்கொண்டான். நல்ல கையில் கடப்பாரையை எடுத்தான். நசுங்கின கையையும் கொடுத்துப் பிடித்தான். வலி தோள் வரைக்கும் ஏறியது. ஏறட்டும் என்று வெளியே வந்தான்.

"யாருங்க வெளிய?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கங்கப்பன் கடப்பாரையின் முனையைக் கடைசிப் பலகைக்கு அடியில் கொடுத்து நெம்பினான். பலகை காடியை விட்டு எகிறி உள்பக்கம் விழுந்தது. அந்தச் சந்தில் ஒரு ஆள் தெரிந்தான். ஒல்லியான ஆள், முண்டா பனியன், கையில் நீளமாக ஒரு இரும்பு.

"யோவ், யார்ரா நீ? திருடனா?" என்று அவன் இரும்பை ஓங்கினான்.

ஓங்கினதுதான் தெரியும் கங்கப்பனுக்கு. கடப்பாரையை வயிற்றுக்கு நேரே குத்தினான். அவன் விலகிக்கொண்டான். முனை தொடையில் ஏறியது. "அல்லா!" என்று கத்திக்கொண்டே அவன் தன் கையிலிருந்ததால் கங்கப்பன் காதோரம் அடித்தான். காதுக்குள் மணி அடித்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு உள்ளே விழுந்தார்கள். ஏதோ வழுக்கியது. அந்த ஆள் கங்கப்பனுடைய கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். அந்த வலியில்தான் கங்கப்பனுக்கு வெறி முழுசாக வந்தது. அவன் கழுத்தில் பல்லைப் பதித்தான். பிடி தளர்ந்தது. இடுப்பிலிருந்து சம்மட்டியை உருவி அடித்தான். முதல் அடி தோளில். இரண்டாவது தாடையில். மூன்றாவது நெற்றிப்பொட்டில் விழுந்தது, ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தத்தோடு. அதற்கப்புறமும் அடித்தான். கீழே இருந்தவன் கை தரையைப் பிராண்டுவது நிற்கிற வரைக்கும் அடித்தான்.

மூச்சு வாங்கிக்கொண்டு மற்றவர்கள் எங்கே என்று நிமிர்ந்து பார்த்தான். மற்றவர்கள் இல்லை.

ஆணியில் ஒரு அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவர் புதுச் சுண்ணாம்பு. சுவரோரம் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பச்சைப் பெயின்ட் அடித்து இன்னும் காயாத சைக்கிள்கள். செத்தவன் கையில் இருந்தது காற்றடிக்கிற பம்பு. காலில் வழுக்கியது பெயின்ட். தெருப் புழுதி வந்து ஒட்டிவிடக் கூடாது என்று எல்லாப் பலகையையும் அடைத்திருக்கிறான். வெளியூர்க்காரன். இந்த வீதி வழக்கம் அவனுக்கு யார் சொன்னார்கள்?

வாசலில் ஒரு பெண்பிள்ளை தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். உள்ளே பார்த்தாள். சட்டி விழுந்து குழம்பு படியெல்லாம் ஓடியது. "அதாவுல்லா..." என்று ஒரு தடவை கூப்பிட்டாள், அவன் எழுந்து வருவான் என்கிற மாதிரி. அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் வீதி கூடிவிட்டது.

ஜட்காவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

போலீஸ்காரன் கங்கப்பனின் கைகளைத் துண்டால் கட்டினான். சரோஜம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கடை வாசலைத் தாண்டவில்லை. விளக்கைப் பார்த்தாள். கீழே கிடந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"கிருஷ்ணகிரியில போய் நின்னு, கெஞ்சிக் கூட்டியாந்தேன்டா அவன. வாடகை சைக்கிள் வந்தா சனம் தானா வரும், உன் கடையும் பொழைக்கும்னு. இன்னிக்குக் காலையிலதான் வந்து எறங்கினான், வெள்ளிக்கெழம கடை தொறக்கறதா இருந்தான். வெங்கடம்மா கிட்ட விடிகாலமே சொல்லி அனுப்புனேனே?"

கங்கப்பன் கூட்டத்தில் பெண்சாதியைத் தேடினான். அவள் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"நீ எதுக்கு முழுக்க அடைச்சே?" என்று கங்கப்பன் ஜட்கா போன திசையைப் பார்த்துக் கேட்டான். "ஒரு பலகைய விட்டிருந்தீன்னா நான் எட்டிப் பாத்திருப்பனே."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கரியப்பன் முன்னால் வந்தான். வாயில் பீடி. "ஏ மாமா, எங்களுக்கு வேலையே வெக்கலியே நீ. கவுண்டர் கிட்ட சொல்லி உனக்குத்தான் கூலி கொடுக்கச் சொல்லணும்."

கட்டின கையோடு கங்கப்பன் அவன்மேல் பாய்ந்தான். போலீஸ்காரன் தடியால் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று வைத்தான். கங்கப்பன் முகம் குப்புறக் குழம்பில் விழுந்தான். யாரும் தூக்கவில்லை. தானாகவே எழுந்தான்.

"இனிமே இந்தப் பக்கம் எவன் வருவான்?" என்றாள் சரோஜம்மாள். "கரியப்பா, போய் உங்க கவுண்டர் கிட்ட சொல்லு. காயிதம் எடுத்துக்கினு வரட்டும். நான் கையி வெக்கறேன்."

கங்கப்பனை இழுத்துக்கொண்டு போனார்கள். திருப்பத்தில் அவன் திரும்பிப் பார்த்தான்.

வெங்கடம்மாள் இரும்புக் கடை வாசலில் சிதறிக் கிடந்ததை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டுக் கடை அடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பலகையாகத் தூக்கிக் காடியில் நிறுத்தித் தள்ளினாள். வலிக்கிற தோளோடு நிதானமாகச் செய்தாள். கடைசிப் பலகையை எடுத்தாள்.

அப்புறம் அதைக் காடியில் போடாமல், சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.