சக்கரத்தில் அப்பா பெயர்

எனக்குப் பொறுமை கிடையாது. கேள்வி கேட்டால் சுவரைப் பார்க்கும் பிள்ளைகளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் ஆசிரியர் பயிற்சியில் காட்டிய அந்தச் சுழல் சக்கரத்தை எங்கள் ஆறாம் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். இணையத்தில் சும்மா கிடைக்கிறது. கட்டங்களில் நமக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம், நிறம் மாற்றலாம். நான் பிள்ளைகளின் பெயர்களை எழுதினேன். பெரிய திரையில் சக்கரம் சுற்றி யார் பெயரில் நிற்கிறதோ அவர் பதில் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்தப் பெயரை எடுத்துவிடுவேன். அப்படித்தான் எல்லோருக்கும் முறை வரும்.

எனக்குச் சொந்த ஊர் கந்தர்வக்கோட்டை. ஜெகதாப்பட்டினம் பக்கத்து மீனவப் பிள்ளைகளின் வழக்கமெல்லாம் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அவர்கள் தெருவில் எதற்கும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவெடுப்பார்கள். வந்த சீட்டை மறுத்துப் பேசுகிற ஆள் கிடையாது. நான் திட்டினால்கூட அசையாதவர்கள், சக்கரம் கூப்பிட்டால் எழுந்து நின்றார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பிறகு மீன்பிடிக்கப் போன ஒரு விசைப்படகை அக்கரைக் கடற்படைக்காரர்கள் நடுக்கடலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில் என் வகுப்புச் சுடர்விழியின் அப்பா ஆரோக்கியதாஸ் இருந்தார். பக்கத்துப் பெஞ்சு அருண்குமாரின் அப்பா மூக்கனும் இருந்தார். அக்கரைக் கோர்ட்டில் வெள்ளிக்கிழமை விசாரணை, சிலரை விடுவார்களாம், யாரை என்று தெரியாதாம். ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை கணக்குப் பாடம் முடிந்ததும் சுடர்விழி என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், எல்லாக் கட்டத்துலயும் எங்கப்பா பேரப் போட்டுச் சுத்துங்க."

பாடத்துக்கு வைத்திருப்பதை விளையாட்டாக்காதே என்று அதட்டினேன். அவள் நகரவில்லை. அதற்குள் அருண்குமார் எழுந்துவிட்டான்.

"அப்ப எங்கப்பா அங்கிட்டே கெடக்கணுமா?"

சுடர்விழி அவனைப் பார்த்தாள். பிறகு அவன் அப்பா பெயரையும் சரிபாதி போடச் சொன்னாள். நான் என்ன செய்வது, சொல்லுங்கள். பி.எட். படித்தேன், பயிற்சிக்குப் போனேன், இதற்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. இரண்டு பெயரையும் டைப் அடித்துச் சுற்றினேன்.

மூக்கன் பெயர் வந்தது. சுடர்விழியின் முகம் சுண்டிப்போனது. அவசர அவசரமாக அந்தப் பெயரை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினேன். மிச்சம் இருந்தது ஒரே பெயர்தான். ஆரோக்கியதாஸில் சக்கரம் நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவள்.

வெள்ளிக்கிழமை ஒருவரையும் விடவில்லை. வாய்தா போட்டுவிட்டார்கள். அடுத்த தேதிகூடச் சொல்லவில்லையாம்.

திங்கட்கிழமை சக்கரத்தின் பக்கமே போகக் கூடாது என்று சாக்பீஸைக் கையில் எடுத்தேன். சுடர்விழி கோபித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வந்து என்னைச் சமாதானப்படுத்துவதுபோலப் பேசினாள்.

"சக்கரம் சரியாத்தான் சொல்லுச்சு டீச்சர். ரெண்டு பேரும் வருவாங்க. நாமதான் தேதி போடல. இப்பத் தேதியப் போட்டுச் சுத்துங்க."

அருண்குமாரும் வந்து அவள் பக்கத்தில் நின்றான். திரையைத் திறந்தேன். கட்டங்கள் காலியாக இருந்தன, எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நாளையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். நாளைய தேதியை அடித்தேன். அதற்கடுத்த நாளையும் அடித்தேன். அதற்கும் அடுத்த நாளை அடித்தேன். எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.