பிரவின்குமாரைத் தூக்கிய தேர்வு

அச்சரப்பாக்கத்தில் மினி லாரி ஓட்டும் ராஜேந்திரனுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒரு விசில். ஆரஞ்சுக் கயிற்றில் தொங்கும் அந்த விசிலை மலையேற்றக் கழகம் கண்டவனுக்கும் கொடுக்காது. பயிற்சி எடுத்து, தேர்வில் தேறி, தொண்டர் தலைவர் என்று ஒப்புதல் வாங்கியவனுக்குத்தான். அவன்தான் ஊர்ப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகலாம். ராஜேந்திரனுடைய மனைவியின் தம்பி மோகன் போன வருஷமே வாங்கிவிட்டான். அன்றிலிருந்து கல்யாணப் பந்தியிலும் விசிலோடுதான் உட்காருகிறான். ரசம் வரத் தாமதமானால் ஊதுகிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மலையேற்றம். ராஜேந்திரன் தேறாவிட்டால் அதற்கும் மோகன்தான் தலைவர். பின்னால் தண்ணீர் கேன் தூக்க ராஜேந்திரன்.

தேர்வு புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலோரச் சவுக்குத் தோப்பில் நடந்தது. தேர்வாளர் பிரவின்குமார் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். விடுமுறை நாட்களில் விரும்பி ஆபத்தில் சிக்குபவர். அடிபட்டவராக, கழுத்தில் விசிலோடு, அவரே படுப்பார். மயக்கம் என்றால் மயக்கம்தான், பேசவும் மாட்டார், கண்ணும் திறக்க மாட்டார். கிடைத்ததைக் கொண்டு ஸ்ட்ரெச்சர் கட்டி அவரை ரோடு வரை கொண்டுபோக வேண்டும். தேர்வைப் பாதியில் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு. அவரே மயக்கத்தில் கிடந்தால் யார் நிறுத்துவது என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆட்களை யார் விதி எழுதக் கூப்பிடுகிறார்கள்?

மூங்கில் கிடைத்தது. பச்சைத் தென்னை ஓலையும் கிடைத்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முடிச்சு ராஜேந்திரனுக்கும் நினைவில்லை, கூட வந்தவர்களுக்கும் நினைவில்லை. ஆனால் மூங்கிலும் ஓலையும் ஒன்றாகக் கண்ணில் பட்டதும் கைகள் தாமாகவே வேலையில் இறங்கிவிட்டன. ஊரில் எத்தனை பேருக்குக் கட்டிய கைகள். கொஞ்சமும் ஆடாமல், கச்சிதமாக, ஒரு பாடை அமைந்துவிட்டது. பிரவின்குமாரைக் கிடத்தி, வெயில் படக்கூடாதே என்று வெள்ளை வேட்டியால் போர்த்தி, நாலு பேர் தோள் கொடுத்தார்கள். ராஜேந்திரன் முன்னால் நடந்தான்.

ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த செங்கம்மாள் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். யார், எவர் என்றெல்லாம் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். வேறொரு சாவுக்கு வாசித்துவிட்டு அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த மேளக்காரர்கள் தொழில் தர்மப்படி எழுந்துகொண்டார்கள். எங்கிருந்தோ மாலை வந்தது. இது பயிற்சி, ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று ராஜேந்திரன் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தான். துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அவனைத் தேற்றினார்கள். பிணத்தின் நெஞ்சு ஏறி இறங்குவதைச் சுட்டிக் காட்டினான். கடற்காற்று என்றார் ஒரு பெரியவர்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மோகன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விசில் போட்டவனை ஊர் நம்பியிருக்கும். அவன் இன்னொரு டீ சொன்னான்.

ஒப்பாரியைப் பிரவின்குமார் தாங்கினார். மேளத்தையும் தாங்கினார். செங்கம்மாள்தான், "சொந்தம்னு யாரும் வர்ல போல கீது, நானே போட்றேன்" என்று வாயில் அரிசியைப் போட்டாள். அது தொண்டையில் இறங்கியது. பிரவின்குமார் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்த நொடியில் ரோடு காலி. சிலர் கல்பாக்கம் வரை ஓடியதாகக் கேள்வி. சிதறிய குழுவைத் திரட்டுவது தலைவனின் கடமை என்று பயிற்சியில் சொன்னது ராஜேந்திரனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிணத்தின் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நீளமாக ஊதினான். பனை மறைவிலிருந்தும் படகுக்கு அடியிலிருந்தும் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள்.

பிரவின்குமார் மீதி அரிசியைத் துப்பிவிட்டு, "பாஸு. விசில நீங்களே வெச்சுக்கங்க" என்றார். இறங்கி நடந்துவிட்டார்.

மேளக்காரர் தலையைச் சொறிந்தார். "மோளம் எட்த்தாச்சு அண்ணாத்த. வெறும் பாடையோட வூட்டுக்குப் போனா ஊருக்கு ஆவாது."

ராஜேந்திரன் விசிலை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் திரும்பினான். தலைவனாக அவன் போட்ட முதல் உத்தரவு அதுதான்.

"மச்சான், வந்து படு."