இரண்டு மைக்ரான் ஆழம்

ஹடப்சர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடம். அங்கே ஐஆர் மெஷினோடு பிலிஸ் பல வருடங்களாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு ஈரம் ஆகாது என்பதால் அந்த அறையில் ஏசி ஓயாமல் ஓடும். மனிதர்கள் உட்காரும் அறையில் ஃபேன்தான், அதுவும் கடகடவென்று சத்தம் போடும்.

வேலை சுலபமானது. ரப்பரோ பிளாஸ்டிக்கோ, உரிந்த பெயின்டோ, தொழிற்சாலைகளிலிருந்து வரும். இது என்ன என்று கேட்பார்கள். மெஷினின் தலையில் ஒரு குட்டி வைரம் பதித்திருக்கும். சாம்பிளை அதன்மேல் வைத்துக் கைப்பிடியைத் திருகி அழுத்தினால் அகச்சிவப்புக் கதிர் கீழிருந்து வந்து தொடும். ஒவ்வொரு பொருளும் அந்தக் கதிரைத் தனக்கென்று உள்ள இடங்களில் மட்டும் குடிக்கும், குடித்த இடத்தில் திரையிலுள்ள கோடு பள்ளமாக இறங்கும். கம்ப்யூட்டர் அந்தப் பள்ளங்களைத் தன்னிடம் உள்ள ஆயிரக்கணக்கான கோடுகளோடு ஒப்பிட்டு ஒரு பெயரும் மார்க்கும் கொடுக்கும். இது நைலான், இது பிவிசி என்று சொல்லிச் சொல்லி, தன் வாயில் தப்பே வராது என்ற நினைப்பு பிலிஸுக்கு வந்துவிட்டிருந்தது. அந்த நினைப்பில்தான் வந்தது வினை.

திங்கட்கிழமை ஒரு பிளாஸ்டிக் பையில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று வந்தது. இரண்டாக உடைந்திருந்தது. சோலாப்பூர் ரோட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அமிலப் பம்பின் மூட்டில் இருந்த வளையம் அது. முந்தின வாரம் அது உடைந்து கந்தக அமிலம் பீய்ச்சியடித்ததில் ஹெல்பர் சுனில் அங்கேயே இறந்துபோனான். வளையத்தை மாட்டிய ஃபிட்டர் இன்பநாதன் பாதி உடம்பு வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

இன்பநாதன் பிலிஸுக்குத் தெரியாதவன் இல்லை. கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்ச் சபையில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கிறவன். அவள் அம்மா வீட்டுக் குழாய் ஒழுகினால் கூப்பிடாமலே வந்து சரிசெய்து, ஒரு சாயா மட்டும் குடித்துவிட்டுப் போகிறவன்.

கேள்வி ஒன்றே ஒன்று. வளையம் அமிலம் தாங்கும் ஃப்ளூரோ ரப்பரா, இல்லையா? இல்லையென்றால் மட்டமான சரக்கை வாங்கிப் போட்டவர்கள் மாட்டுவார்கள். ஆமென்றால், மாட்டிய கையில்தான் பிழை. தொழிற்சாலை இன்னொன்றும் சொல்லியிருந்தது. இது சாட்சிப் பொருள், வெட்டக்கூடாது, வந்தபடியே திருப்பித் தரவேண்டும்.

பிலிஸ் வழக்கம்போல வளையத்தை ஆல்கஹாலால் துடைத்தாள். அமிலம் பட்ட பக்கம் கரியாகியிருந்தது, அதிலிருந்து எதுவும் தெரியாது. அமிலம் தொடாத வெளி விளிம்பு பளபளவென்று நன்றாக இருந்ததால் அதை வைரத்தின்மேல் வைத்து அழுத்தினாள். ஃப்ளூரின் பள்ளங்கள் கிணறு மாதிரி இறங்கின. ஃப்ளூரோ ரப்பர், தொண்ணூற்றைந்து மார்க் என்றது கம்ப்யூட்டர். கோட்டுக்குக் கீழுள்ள எண்வரிசையில் இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் ஒரு சின்னச் சொட்டை இருந்தது. அந்தப் பக்கம் வைரமே கதிரைக் குடித்துக் கோட்டை நடுங்க வைக்கும், அங்கே தெரிவதைக் கண்டுகொள்ளாதே என்பது இந்தத் தொழிலில் நுழைந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற பாடம். பிலிஸும் கண்டுகொள்ளவில்லை. ரிப்போர்ட் போயிற்று. கூடத்தின் முதலாளி ஸ்வாமிநாதனுக்குத் திருப்தி, தொழிற்சாலைக்கு அதைவிடத் திருப்தி.

புதன்கிழமை மத்தியானம் இன்பநாதனின் மனைவி நிக்கோல் போன் செய்தாள்.

"அக்கா, அந்த ரிங் உங்க லேபுக்குத்தான் வந்துச்சாமே. அவரு உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம். கொஞ்சம் வர்றீங்களா?"

போகாமல் இருந்திருக்கலாம். ஆபீஸ் விஷயம், வெளியே பேசக்கூடாது என்று சொல்லியிருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். ஆனால் அம்மா வீட்டுக் குழாய் ஞாபகம் வந்தது. போனாள்.

கண்ணிலும் கையிலும் கட்டு. உதடு மட்டும் வெளியே தெரிந்தது. பிலிஸ் கட்டிலருகே போய் நின்றாள்.

"அக்காவா?" என்றான் இன்பநாதன். குரல் தேய்ந்திருந்தது. "ரிங் சரியான ரிங்தானா? சொல்லுங்க. சுனில் என் பின்னாடிதான் நின்னான். நான் ஒழுங்கா மாட்டலையோன்னு…"

"நீங்க இப்ப அதெல்லாம் யோசிக்காதீங்க தம்பி."

"சொல்லுங்கக்கா. உங்க மெஷின் பொய் சொல்லாதுல்ல."

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிலிஸுக்குப் பொய் வராது, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சரியான ரிங்தான் தம்பி. ரப்பர்ல கோளாறு இல்ல."

"அப்போ என் கைதான்," என்றான். "ரிங் உக்கார்ற பள்ளத்தைத் துடைச்சேன். அந்த வெள்ளை க்ரீஸ சுத்தி நல்லா தடவினேன். மாட்டி, சுத்திப் பார்த்தேன். எங்க தப்பு விட்டேன்னே தெரியலக்கா."

நிக்கோல் அவன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். அவன் விழுங்காமல் விட்டான், அது கட்டுத்துணியில் வழிந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது பிலிஸுக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் நிலைமை அப்படி இருக்கிறது, அதனால்தான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. வெள்ளை க்ரீஸ். அமிலப் பம்புக்குப் போடுகிற அந்த வெள்ளை க்ரீஸே ஃப்ளூரின் சேர்ந்த சரக்கு. ஆல்கஹாலால் துடைத்தால் அது போகாது, எத்தனை தடவை துடைத்தாலும் போகாது. வைரத்திலிருந்து கிளம்பும் கதிர் சாம்பிளுக்குள் இரண்டு மைக்ரான் ஆழம்தான் இறங்கும், தலைமுடியின் தடிமனில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அவள் பார்த்தது ரப்பரையே இல்லை. அவன் பொறுப்பாகத் தடவிய க்ரீஸைப் பார்த்துவிட்டு, அவன் கையில் பிழை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

லேபுக்குள் ஓட்டமாக வந்தவளை ஸ்வாமிநாதன் விசித்திரமாகப் பார்த்தார். வளையம் கூரியருக்காக அவர் மேஜைமேல் பார்சலாகிக் காத்திருந்தது.

"சார், இதை வெட்டிப் பார்க்கணும். நான் பார்த்தது மேல இருந்த க்ரீஸ்."

"ரிப்போர்ட் போயாச்சு பிலிஸ். வெட்டாதேன்னு அவன் எழுதியே குடுத்திருக்கான்."

"வெட்டாம பார்த்ததாலதான் சார் தப்பாப் போச்சு."

"தப்புன்னு யார் சொன்னா? கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பண்ணானா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "சும்மா இருக்கிற சங்கை ஏன் ஊதறேள்? கூரியர் பையன் வந்துண்டிருக்கான். விடுங்கோ."

அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பவர், பிலிஸின் அப்பா இறந்தபோது கல்லறைவரை வந்தவர். நல்லவர்கள் இப்படி 'விடுங்கோ' என்று சொல்லும்போதுதான் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. பிலிஸ் பதில் பேசாமல் பார்சலை எடுத்துக்கொண்டு ஏசி அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பிளேடால் வளையத்தின் உள்சதையிலிருந்து ஒரு சீவல் எடுத்தாள். அவசரத்தில் விரலிலும் கீறிக்கொண்டாள். சீவலை வைரத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

ஃப்ளூரின் பள்ளங்கள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கண்டுகொள்ளாதே என்று சொல்லித்தந்த அந்த இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் கூர்மையாக ஒரு பள்ளம் நின்றது. நைட்ரைல் ரப்பர். எண்ணெய்க்குப் போடுகிற மலிவுச் சரக்கு, கந்தக அமிலத்தில் வெடித்துப்போகும். அதை உலகத்தில் எந்த ஃபிட்டர் எப்படி மாட்டியிருந்தாலும் உடைந்துதான் போயிருக்கும். திங்கட்கிழமையே இது சொட்டையாக நின்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது.

அவளுக்கு அழுகை வந்தது, கூடவே ஒரு நிம்மதியும். தன் வேலை போகட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவனிடம் சொல்லிவிடலாம். ரத்தம் பட்ட விரலோடு நிக்கோலுக்குப் போன் போட்டாள்.

"நிக்கோல், போனை அவரு காதுகிட்ட வைங்க. சீக்கிரம்."

அந்தப் பக்கம் யாரோ ஜெபம் செய்யும் சத்தம் கேட்டது.

"அக்கா, அவரு விடிகாலையில போயிட்டாரு," என்றாள் நிக்கோல்.

"நேத்து பேசினாரே," என்றாள் பிலிஸ்.

"நேத்து நீங்க போனதும் சுனிலோட அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடணும்னாரு. நான்தான் மொபைலைப் பிடிச்சேன். சூக் மாஜீச் ஆஹே ஆயீன்னு மராத்தியில சொன்னாரு. தப்பு என்னோடதுதாம்மான்னு. ரெண்டு தடவை சொன்னாரு. அவங்க அதை யூனியன்காரங்களுக்குப் போட்டுக் காட்டி, இப்ப ஃபேக்டரி மேனேஜர் வரைக்கும் போயிடுச்சு. காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாரும் அதையே சொல்றாங்க. நீங்க எதுக்குக்கா போன் பண்ணீங்க?"

வெளியே ஸ்வாமிநாதன் தட்டுவதை நிறுத்தியிருந்தார். திரையில் பள்ளம் அப்படியே நின்றது. பிலிஸ் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். க்ரீஸைச் சொன்னாள், ரப்பரைச் சொன்னாள், தான் பார்க்காமல் விட்டதையும் சொன்னாள். புது ரிப்போர்ட் எழுதி எங்கே வேண்டுமானாலும் வந்து நின்று சொல்கிறேன் என்றாள். அந்தக் குரல் பதிவுக்கு எதிராக இந்தக் கோட்டை யாரும் நம்பமாட்டார்கள் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது.

நிக்கோல் அழவில்லை, திட்டவும் இல்லை.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் அவருக்குக் காது நல்லா கேட்டுச்சுக்கா," என்றாள்.