எல்லை வரிசைச் சோளம்

இளையதம்பி மச்சானோடு நான் மூன்று வருடமாகப் பேசுவதில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மகளின் கல்யாண அழைப்பிதழை நானே கொண்டுபோய்க் கொடுக்காமல் ஆள்விட்டு அனுப்பினேன். அவர் என் தாய்மாமன் மகன். வெற்றிலைத் தட்டோடு வாசலில் போய் நின்று சொல்ல வேண்டிய உறவு. கல்யாண அவசரத்தில் விட்டுப்போயிற்று. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. வராததற்கு நான் கோபித்துக்கொண்டேன். பிழையும் என்னுடையது, கோபமும் என்னுடையது. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

எங்கள் காணிகளுக்கு மட்டும் இந்தச் சண்டை தெரியாது. உன்னிச்சைக் குளத்து வாய்க்காலோரம் என் அரை ஏக்கரும் அவருடைய துண்டும் ஒரே வரம்பில் முட்டி நிற்கின்றன. என் துண்டில் மாட்டுக்குத் தீவனச் சோளம் போட்டிருந்தேன். வரம்பை ஒட்டிய கடைசி வரிசைக்கு எல்லை வரிசை என்று பெயர். அது பக்கத்துக் காணிக்காரருக்கு. கேட்காமலே அறுக்கலாம். பதிலுக்கு அவர் தன் தண்ணீர் முறை முடிந்ததும் வாய்க்கால் பலகையை என் பக்கம் திருப்பிவிடுவார். எங்கள் அப்பாக்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. பேச்சு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. அவர் அறுத்தார், எனக்குத் தண்ணீர் வந்தது. எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

இந்தச் சோளம் வெட்ட வெட்டத் தழைக்கும். ஆனால் மூன்றாம் வருடத்தில் அதற்கும் கிழடு தட்டிவிட்டது. தண்டு விறகாகிப்போய், என் இரண்டு மாடுகளும் இலையை உருவித் தின்றுவிட்டு மிச்சத்தை மிதித்துப்போட்டன. மாரி மழைக்கு முன் அதை அழித்துப் புதுப் புல் வைக்க வேண்டும். போன தடவை உழவு இயந்திரம் விட்டு அழித்தேன். அறுபட்ட தூரெல்லாம் புதுப் பயிருக்கு நடுவே முளைத்தன. முதல் மழையிலேயே உழுத மண் கரைந்து வாய்க்காலில் இறங்கி வாவியைப் பார்த்துப் போய்விட்டது.

கால்நடை அலுவலகத்துப் பிள்ளை கஜானிதான் இந்த முறை வழி சொன்னாள்.

“உழ வேணாம் அன்ரி. வெட்டிப்போட்டு முழங்கால் உயரத்துக்குத் தழைக்க விடுங்க. அந்தப் பச்சையில களைநாசினி அடிச்சா வேர் வரைக்கும் இறங்கிச் சாகும். செத்த தூர் மண்ணப் பிடிச்சிக்கொண்டிருக்கும். அதுக்கு நடுவால புதுப் புல்ல நடலாம்.”

மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகும் அவள் போகவில்லை.

“ஒண்டு மறந்திராதீங்க. சோளம் வாடிச் சாகேக்க இலையில நஞ்சு ஊறும். நாம அடிக்கிற மருந்த விட அதுதான் பொல்லாதது. பார்வைக்குப் பச்சையாத்தான் இருக்கும், முழுக்க வெளிற ஏழு நாள் செல்லும். ஒரு கட்டுப் போதும், மாடு விழுந்திரும். நல்லாக் காயுமட்டும் ஆரும் அறுக்கப்படாது. பக்கத்துக் காணிக்காரருக்கெல்லாம் நீங்களே சொல்லிப்போடுங்க.”

அவள் சொன்னபடி வெட்டித் தழைக்க விட்டு, ஒரு திங்கட்கிழமை மருந்து டாங்கியை நானே முதுகில் கட்டிக்கொண்டு அடித்தேன். எல்லை வரிசையையும் விடவில்லை. விட்டால் அதிலிருந்து திரும்பவும் பரவும். தெருப் பக்கம் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். அந்தப் பக்கத்துக் காணிக்காரர் மூன்று பேருக்கும் சொன்னேன்.

மிச்சம் ஒருவர். அவர் வீடு வாய்க்காலுக்கு அப்பால்; தெருவால் வருபவர் அல்லர், வாய்க்கால் பக்கத்தால் வருபவர். துணி அவர் கண்ணில் படாது. ஆள்விட்டுச் சொல்லலாமா என்று யோசித்தேன். திரும்பவும் ஆள்விட்டா என்று வெட்கம் பிடுங்கியது. நேரில் போகலாம் என்று செருப்பைப் போட்டேன். ‘ஏன், அவர் முதலில் பேசினால் குறைந்துபோவாரோ’ என்று வீம்பு வந்து செருப்பைக் கழற்ற வைத்தது. போன வாரம்தானே அறுத்தார், இன்னும் பத்து நாளைக்கு வரமாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பால் வாளி கழுவிக்கொண்டு நின்றேன். வேலிக்கு அப்பால் எல்லை வரிசையில் அவர் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். அவருக்கிருப்பது ஒரே மாடு, வெள்ளச்சி. கன்று போட்டுப் பன்னிரண்டு நாள். புரட்டாதி வெயிலில் எல்லாம் காய்ந்து வேறெங்கும் பச்சை இல்லை. இதையெல்லாம் நான் முன்னமே நினைத்திருக்க வேண்டும்.

‘மச்சான்’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. அந்த நேரம் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். நானும் இந்தப் பக்கம் திருப்பினேன். மூன்று வருடப் பழக்கம்.

திரும்பிப் பார்த்தபோது அறுத்த கட்டைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். போனதும் குளிப்பார், பிறகுதான் மாட்டுக்குப் போடுவார், வாளியைக் கழுவிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். கழுவின வாளியைத் திரும்பவும் கழுவினேன். உலையை வைத்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். அரிசியைக் களைந்து போட்டேன். இப்போது நினைத்தால் என் கையை நானே முறிக்கலாம் போலிருக்கிறது.

ஒருவழியாக வாய்க்கால் பாலத்தில் கால் வைத்தபோது அவர் மனைவி பாக்கியம் மாட்டுக் கொட்டிலில் நின்று கத்துவது கேட்டது. பாலத்தின் நடுவில் நின்றேன். பிறகு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன். என்னை யாரும் காணவில்லை.

பின்னேரம் என் வேலிப் படலையில் சைக்கிள் நின்றது. தெரிந்துகொண்டு வந்துவிட்டார், கத்தியோடு நிற்கிறாரோ என்றுகூட நினைத்தேன். வெறுங்கையோடு நின்றார். வேட்டியெல்லாம் மண். குழி வெட்டிய மண்.

“மச்சாள்,” என்றார். “வெள்ளச்சி போயிற்று. புல்லுத் திண்டு கால் மணித்தியாலம் இல்ல, நடுங்கி விழுந்திற்று.”

நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“உங்கட எல்லை வரிசையிலதான் அறுத்தன். பாம்பு கீம்பு ஊர்ந்திச்சோ என்னவோ. உங்கட மாட்டுக்கு அதுல அறுத்துப் போட்டிராதீங்க. ஆரையும் விட்டுச் சொல்லியனுப்புங்க எண்டுதான் பாக்கியம் சொன்னவ. இப்பிடியான விசயத்த நேரில வந்து சொல்லாம எப்பிடி மச்சாள்?”

வாய்க்காலுக்கு அப்பாலிருந்து கன்று கத்திக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க ஒண்டும் மருந்து கிருந்து அடிக்கல்லதானே?”

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

“இல்ல மச்சான்,” என்றேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு நான் அவரோடு பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் தலையாட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். படலையைத் தாண்டும்போது நின்றார்.

“நாளைக்கு என்ர தண்ணி முறை. பின்னேரம் பலகையத் திருப்பிவிடுறன்.”

அவர் போன பிறகு வேலியோரம் போய்ப் பார்த்தேன். எல்லை வரிசையில் அவர் அறுக்காமல் விட்ட குருத்துகளின் நுனியில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. கஜானி சொன்ன கணக்குப்படி இன்னும் நாலு நாளில் முழுத்துண்டும் வெளிறிவிடும். அதற்கு முன் தெருப் பக்கத்தார் யாரும் வாய் திறக்காவிட்டால், அவர் தன் கொட்டிலில் நின்றே அதைப் பார்ப்பார்.